பதினெட்டு அங்குலச் சுவர்

பத்திரத்தில் இதற்குப் பெயர் 'அலுவலக உபயோகம்'.
கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்று
நாற்பது வருஷம் இங்கே ரசீது போட்டிருக்கிறது.
பிராட்வேயில் இரண்டாம் மாடி, ஐம்பத்திரண்டு படி.
லிஃப்ட் இருக்கிறது, புறாக்களுக்கு.
முகப்பில் காரையில் புடைத்த 1934இல்
நான்கின் கால் மட்டும் உதிர்ந்துவிட்டது.

முதலில் பொய்க்கூரையை இறக்கினோம்.
அதற்கு மேலே, பதினான்கடியில்,
மெய்க்கூரை இருந்தது:
தேக்கு விட்டங்கள், குறுக்கே நிறுத்திவைத்த செங்கல்,
விட்டத்துக்கு விட்டம் கறுப்பு மையில் எண்.
மூன்று இருந்தது, நான்கு இருந்தது,
ஐந்தைக் கறையான் தின்றிருந்தது.
ஐந்தாம் எண்ணில் இரும்பு ஏறியபோது
சமையலறைக்கு வைத்திருந்த பணம்
கூடவே ஏறிப்போனது.

மேஸ்திரி அங்கமுத்துவைக் கேள்வி கேட்டால்
அவர் போய்ச் சுவரைக் கேட்பார்.
விரல்முட்டியால் தட்டிக் காதை வைப்பார்.
"இது சும்மா நிக்குது. ஒடைச்சுக்கலாம்."
"இதுவும் சும்மாதான். கம்பெனிக்காரன் தடுத்தது."
நடுச்சுவருக்கு வந்தார். தட்டினார்.
லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.
"இதுல கைய வெச்சா
மேல இருக்குற மூணு குடும்பமும்
உங்க ஹால்ல வந்து குந்திக்கும்மா."

என் வரைபடத்தில் அந்தச் சுவர் இல்லை.
கட்டம்போட்ட தாளில்
அழித்து அழித்துப் போட்ட படம் அது.
வாசலில் நின்றால் கடைசி ஜன்னல்வரை பார்வை ஓடும்,
ஜன்னலுக்கு அப்பால் ஹைகோர்ட் கும்மட்டத்தின் சிவப்பு.
பெரம்பூரில் ஒற்றை அறையில்
பதினோரு வருஷம் கால் மடக்கிப் படுத்தவள்
வேறு எதை வரைவாள்?

அந்த வாரம்தான் பூங்கோதை வந்தாள்,
தணிகைவேலின் தங்கை.
தோளில் எட்டு மாதப் பெண், கையில் ஒரே பை.
"பத்து நாள்தான் அண்ணி."
அப்போது சித்திரை.
பையில் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தது,
அடுத்த மார்கழிக்குச் சரியாகும் அளவில்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
இருவரும் டீயைப் பற்றிப் பேசினோம்.

பகலில் லாரி நுழையாத தெரு.
இடித்ததெல்லாம் மூட்டை மூட்டையாக
இரவு பத்துக்கு மேல்தான் இறங்கும்.
கீழே கல்யாணப் பத்திரிகைக் கடை சாந்திலால்
ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்:
"பாருங்க, மணப்பொண்ணு பேர் மேல
உங்க சுண்ணாம்பு."
ஊதிப் பார்த்தேன். பெயர் நன்றாகவே இருந்தது.

பூங்கோதை சும்மா இருக்கமாட்டாள்.
ஜன்னல் சட்டங்களைச் சுரண்டினாள்.
பழுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில்
ரயில்வே ஸ்டேஷன் நீலம், அதற்கும் அடியில்
யாருக்கும் பெயர் தெரியாத ஒன்று.
"இதையே அடிக்கலாமா?" என்று கேட்டாள்.
வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி.

நடுச்சுவரை ஒட்டி ஆறாம் விட்டத்தில்
சரக்கு எடைபோடும் தராசு தொங்கிய கொக்கி.
குழந்தை விடாமல் அழுத ஒரு மத்தியானம்
அங்கமுத்து ஏணியில் ஏறினார்.
கொக்கியைப் பிடித்துத் தன் உடம்பு முழுவதையும்
அதில் தொங்கவிட்டு, இரண்டு ஆட்டு ஆட்டி,
"தாங்கும்" என்றார்.
கயிறு கட்டிப் புடவையில் தூளி போட்டோம்.
சிமென்ட் கலக்குவதை நிறுத்திவைத்தார்கள்.
வாசல்பக்கம் வெயில்.
சுவருக்கு அந்தப்பக்கம் நிழல்.
அந்தப்பக்கம் என்று ஒன்று இருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

இரவு படத்தை விரித்தேன்.
அழித்த தடத்தின்மேல் பென்சிலை அழுத்தி
பதினெட்டு அங்குலத்துக்கு இழுத்தேன்.
அறைக்குள் எழுத வேண்டும். 'விருந்தினர்' அடித்தேன்.
'ஸ்டோர்' என்றது தணிகைவேல், அதையும் அடித்தேன்.
பிறகு 'கோதை' என்று எழுதி
டீ கிளாஸை மேலே வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆடியில் குடிவந்தோம், ஆறு பேர்.
சிங்க் இன்னும் வரவில்லை,
பாத்திரம் குளியலறையில் கழுவுகிறோம்.
வாசலில் நின்றால்
பார்வை ஒன்பதாவது அடியில் முட்டிக்கொள்கிறது.
காலண்டர் மாட்ட
அந்தச் சுவரில் ஆணி அடித்துப் பார்த்தோம்.
மூன்றும் வளைந்தன.
அம்மிக்குழவியால் அவற்றைத் தட்டி நிமிர்த்தி
டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் பூங்கோதை,
வேறெதற்காவது ஆகும் என்று.